காது வெட்டாத மகாராணி

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாய் பிடிக்கிற வேலை. பெண் கேட்டு வந்தபோது "நகராட்சியில சுகாதாரப் பிரிவு" என்று சொன்னார்கள். நாங்களும் நாற்காலி, மேசை, மின்விசிறி என்று ஏதேதோ கற்பனை செய்துகொண்டு தலையாட்டிவிட்டோம். கல்யாணமாகிச் சில வாரம் கழித்து, வாஷிங் மெஷின் பழுதுபார்க்க ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தெருவில் ஒரு மனிதர் கையில் வலையோடு ஒரு கறுப்பு நாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சேறு. பார்த்தால் நம்ம மாமா. என்னைக் கண்டதும் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, "வா மாப்ளே, சாப்டியா?" என்று கேட்டார். நாய் தப்பிவிட்டது.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. என் தொழில் அப்படி. மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டுக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது பின்னங்காலில் ஈர மூக்கு ஒன்று வந்து படும். வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தபடி "ஒண்ணும் பண்ணாதுங்க" என்பார். அப்படிச் சொன்ன வீடுகளில்தான் என் பேன்ட்டுகள் போயின. அதனால் மாமாவின் வேலை இன்னதென்று தெரிந்தபோது எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஊரில் இருக்கிற நாயையெல்லாம் பிடித்து எங்கேயோ கொண்டுபோய்த் தொலைத்துவிடுவார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் அவரே மண்ணைப் போட்டார்.

பிடித்த நாயை அவர்கள் தொலைப்பதில்லை. வண்டியில் ஏற்றும்போதே தெருப் பெயர் எழுதின வில்லையைக் கழுத்தில் கட்டுவார்கள். நகராட்சியின் நாய்கள் மையத்துக்குக் கொண்டுபோய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கம் தெளிவதற்குள் இடது காதின் நுனியைத் துளி வெட்டிவிடுவார்கள். வெட்டின காது என்றால் வேலை முடிந்த நாய் என்று தூரத்திலிருந்தே தெரியும். புண் ஆறினதும், பிடித்த அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

"திரும்பவும் இங்கயே விடறதுக்கு எதுக்கு மாமா பிடிக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒரு தெருவைக் காலி பண்ணினா பக்கத்துத் தெரு நாய் வந்து உக்காரும் மாப்ளே. அது ஊசி போடாத நாயா இருக்கும், குட்டி போடற நாயா இருக்கும். இருக்கற நாயே இருந்துட்டா அது வேற நாயை உள்ள விடாது" என்றார். இதை எல்லாரிடமும் இதே குரலில் சொல்வார். கேட்கிறவர் பாதியில் எழுந்து போனாலும் மீதியைச் சொல்லி முடிப்பார்.

அந்த வேலையில் உடம்பில் ஒட்டிக்கொள்கிற நாற்றம் தனி. பயந்த நாயின் மூத்திரம், ஃபினாயில், புண்ணுக்குப் போடும் மருந்து எல்லாம் கலந்த ஒன்று. மாமாவின் மூக்குக்கு அது தெரிவதே இல்லை, பழகி மரத்துப்போயிருந்தது. அக்காவுக்கு அப்படியில்லை. சாயங்காலம் அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுவாள்.

"அங்கேயே நில்லுங்க. ஒரு அடி உள்ள வெச்சீங்கன்னா பாருங்க. பின்பக்கமா போங்க. சட்டையை வெளியவே கழட்டுங்க."

தெரு முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெருவில் விளக்குப் போடுகிறார்கள் என்று நான் கிண்டல் செய்வேன். மாமா வாயைத் திறக்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் டீ. அவள் கத்தாமல் இருந்த நாளும் இல்லை, அவர் பதில் சொன்ன நாளும் இல்லை.

தெரு நாய்கள் அவரைக் கண்டு குரைப்பதில்லை. ஒரு முறை வலைக்குள் போய் வந்தவை அல்லவா, ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சத்தமில்லாமல் எழுந்து கார்களுக்கு அடியில் போய்விடும். அவர் வருகிற நேரத்தில் அக்காவின் குரலைத் தவிர தெருவில் வேறு குரலே இருக்காது.

ஒரே ஒரு நாய் மட்டும் எழுந்து போகாது. செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை. சோற்றுத் தட்டை வைத்தால் மற்ற நாய்கள் போல் பாய்ந்து வராது. தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைக்கட்டும் என்று நிற்கும். அக்காவும் நகர்த்தி வைப்பாள். அதனால் அதற்கு மகாராணி என்று பெயர். இரண்டு காதும் முழுசாக இருந்த நாய் அந்தத் தெருவிலேயே அதுதான். நாய் பிடிக்கிறவர் வீட்டிலேயே ஒளிந்திருந்த நாயை யார் பிடிப்பது? வலை வண்டி எங்கள் தெருவுக்கு வருகிற நாளில் அக்கா அதை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்வாள். மாமா தன் வீட்டுக் கதவை மட்டும் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடுவார்.

"இவளுக்கு வேணாம்" என்பாள் அக்கா. ஏன் வேண்டாம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். அவள் அப்படித்தான், மனதில் ஒன்றை முடிவு செய்துவிட்டால் யாராலும் அசைக்க முடியாது, யாருக்கும் காரணமும் சொல்ல மாட்டாள். ஒரு சமயம் குளியலறைப் பூட்டுக் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் போல மாமாவைக் காலையிலும் குழாயடிக்கே விரட்டினாள். நான் சரிசெய்து தருகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றால், "உன் வேலையைப் பாருடா" என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஓசியில் வேலை செய்ய வந்தவனை விரட்டின ஒரே வாடிக்கையாளர் அவள்தான்.

அக்கா போனது ஒரு சாதாரண நாளில். தலை வலிக்கிறது என்று மத்தியானம் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மாமா சாயங்காலம் தெருமுனையில் திரும்பினபோது வாசலில் யாரும் இல்லை. யாரும் சொல்லாமலே அவர் பின்பக்கம் போய், சட்டையை வெளியே கழற்றி, குளித்துத் துவட்டிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறார். அவர் இதை என்னிடம் சொன்னபோது, பஸ் தாமதமாக வந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அவர் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டார். யாருக்கோ தண்ணீர் வேண்டுமென்றால் இவரே எழுந்து போனார். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க மனுஷன்தானா? அங்க கிடக்கறது யாருன்னாவது தெரியுதா?" என்று கத்திவிட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மாமா என்னைப் பார்த்து, "நீ ஏதாவது சாப்டியா?" என்று கேட்டார். லீவு முடிந்த அன்றைக்கே வேலைக்குப் போய்விட்டார்.

அவள் துணிமணிகளை எடுத்துக் கொடுக்கிற நாள் வந்தது. எல்லாவற்றையும் துவைத்துவிடச் சொன்னது மாமாதான். நான் மெஷினில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பச்சை நைட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அழுத்தினால் மூடிக்கொள்கிற பிளாஸ்டிக் பை ஒன்றில் அதை மடித்து வைத்து அலமாரியில் வைத்தார். அவர் இல்லாத ஒரு நாள் நான் அந்தப் பையைத் திறந்து பார்த்தேன். தலைக்கு வைக்கும் எண்ணெய், சமையலறைப் புகை, கொஞ்சம் வியர்வை. அக்கா அப்படியே இருந்தாள். பையை அவசரமாக மூடிவிட்டேன், தீர்ந்துபோய்விடும் என்று பயம்.

அதற்குப் பிறகு மகாராணிக்கு மாமாதான் பின்பக்கத்தில் சோறு வைத்தார். அவர் உள்ளே போன பிறகு வந்து சாப்பிடும். சாயங்காலம் அவர் வரும்போது எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும், அவரை அல்ல, அவருக்குப் பின்னால் இருக்கிற கதவை. குரைக்காது. மற்ற நாய்கள் காருக்கு அடியில் போயிருக்கும். மாமா பூட்டைத் திறக்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். நான் அடுத்த வளைவில்தான் இருக்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனை மருந்துக்கடைக்காரரின் மகளை நாய் கடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண், கெண்டைக்காலில் கடி. கடித்த நாய் ஓடிவிட்டது. மருந்துக்கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பதறாமல் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குக் கூட்டிப் போனார். ஊசி போட்டுக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நேராக மாமா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"செம்பட்டை நாய்னு பொண்ணு சொல்றா. உங்க வீட்டு நாய்தான்."

"எங்க வீட்டு நாய் இல்ல. தெரு நாய்" என்றார் மாமா.

"சோறு போட்டது உங்க வீட்டம்மா."

மாமா அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"பாருங்க, காது வெட்டின நாய் எத்தனை இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஊசி போட்டதுன்னு தெரியும். இதுக்குக் காது முழுசா இருக்கு. கடிச்சது இதுவோ வேறயோ, இந்த மாதிரி நாய் என் பொண்ணு போற வழியில இருக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா நானே பாத்துக்கறேன். என் கடையில இல்லாத மருந்தா?"

அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் புரிந்தது. ரொட்டித் துண்டில் வைத்துத் தெருவில் போட்டால் போதும். மகாராணி மட்டுமில்லாமல் காது வெட்டின நாய்களும் சேர்ந்து போகும். எனக்கு நாய் பிடிக்காதுதான்; அதற்காக இப்படியா?

"வேணாம்" என்றார் மாமா. "நான் பிடிச்சுடறேன். ஊசி போட்டு, காதை வெட்டிக் கொண்டாந்து விடறேன். அதுக்கப்புறம் அது இங்க இருக்கலாம்ல?"

"காது வெட்டியிருந்தா எனக்கென்ன வம்பு? நான் என்ன கொலைகாரனா?" என்றார் மருந்துக்கடைக்காரர். மாமா அவரையும் சாப்பிட்டாரா என்று கேட்டார்.

மறுநாளே வலை வண்டி வந்தது. மகாராணி அதன் சத்தம் கேட்டதும் பின்னால் இருந்த பலகைக் கிடங்குக்குள் போய்விட்டது. உள்ளே அடுக்கடுக்காகப் பலகை. மனிதன் நுழைய முடியாது. மூன்று பேர் காலை முழுக்க நின்றுவிட்டுப் போனார்கள். உணவில் மயக்க மருந்து கலந்து வைக்கலாமே என்று நான் கேட்டேன். அரை மயக்கத்தில் ரோட்டுக்கு ஓடி வண்டியில் அடிபடும் என்று மையத்து டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் ஒரு கூண்டு கொண்டுவந்து பின்பக்கம் வைத்தார் மாமா. உள்ளே போய்ப் பலகையை மிதித்தால் கதவு விழும். இறைச்சி வைத்தார், பால் வைத்தார். காது வெட்டின கிழட்டு நாய் ஒன்று தினமும் உள்ளே போய் அடைபட்டு, எல்லாவற்றையும் நக்கித் தின்றுவிட்டு, மாமா வந்து திறந்துவிடும் வரை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அனுபவம். மகாராணி தூர நின்று வேடிக்கை பார்த்தது.

மாமா தட்டைத் தட்டிப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் குரலில் அந்தப் பெயர் ஒட்டவே இல்லை. ஒரு காலத்திலும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உங்க மேல வர்ற வாசனைதான் மாமா. நாய்க்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும்" என்றார். அலமாரியைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேற துணி எதையாவது வைங்க மாமா."

"வேற எல்லாம் துவைச்சாச்சு."

கத்தரிக்கோலை எடுத்து நைட்டியின் ஒரு கையை மட்டும் தோளோடு வெட்டினார். வெட்டும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. வேட்டியின் பிசிறு வெட்டுகிற மாதிரி வெட்டினார். மீதியைப் பையில் போட்டு மூடினார். வெட்டின கையைக் கூண்டின் உள்ளே போட்டுவிட்டு நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மகாராணி வந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கூண்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது. கழுத்தை நீட்டி, முன்னங்காலைப் பலகையில் வைக்காமல், அந்தத் துணியைப் பல்லால் கவ்வி வெளியே இழுத்தது. இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம், கிடங்குக்குள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "திருட்டு நாய். நான் போய்ப் பலகையெல்லாம் புரட்டி எடுத்துட்டு வரேன்."

"விடு மாப்ளே" என்றார் மாமா. "அது அவ பங்கு."

மறுநாள் காலையில் மீதி நைட்டியை எடுத்தார். அன்றைக்குச் சனிக்கிழமை, வாரம் முடிகிறது. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்துகொண்டிருந்ததை நான் வரும் வழியில் பார்த்திருந்தேன். மாமா நைட்டியைக் கூண்டின் கடைசிக் கம்பிகளில் வைத்து, இழுத்தால் வராதபடி கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

"மாமா, கூண்டுக்குள்ள போற துணி எப்படித் திரும்பி வரும்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன். ஒரு நாயின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றாமல் இருக்க, கூண்டோடு மையத்துக்குள் போகிற எந்தத் துணியையும் கொதிக்கிற தண்ணீரில் ப்ளீச் போட்டுத்தான் எடுப்பார்கள். இதை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"தெரியும்" என்றார். கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினார்.

மகாராணி வந்தது. கூண்டின் வாயில் நின்றது. பிறகு உள்ளே போனது, யாரோ கூப்பிட்ட வீட்டுக்குள் போவதுபோல. இறைச்சியைத் தாண்டிப் போய் நைட்டியின் மேல் மூக்கைப் புதைத்துப் படுத்தது. கதவு விழுந்த சத்தத்துக்குச் சுவர் மேல் இருந்த காக்கைகள் பறந்தன. அது தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் போய் வண்டிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

கூண்டை ஏற்றும்போது, "இப்பவாவது கம்பியை அவுத்து எடுத்துடுங்களேன். நாய்தான் மாட்டிக்கிச்சே" என்று கெஞ்சினேன். நிஜமாகவே கெஞ்சினேன்.

"போற வரைக்கும் வெச்சுக்கட்டும். தனியா பயந்துக்கும்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். மையத்தில் சொல்லிக்கில்லி அந்தத் துணியை மட்டும் வாங்கிவிடலாம் என்று ஒரு எண்ணம். அங்கே போனதும் நாயை ஒரு பக்கம் கொண்டுபோனார்கள், கூண்டை ஒரு பக்கம் கொண்டுபோனார்கள். நான் விசாரித்துக்கொண்டு துணி துவைக்கிற அறையைக் கண்டுபிடித்துப் போவதற்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மெஷின், முன்பக்கம் வட்டக் கண்ணாடி. என் வாழ்க்கையில் பாதியை அந்த மாதிரிக் கண்ணாடிக்கு முன்னால்தான் உட்கார்ந்து கழித்திருக்கிறேன். சாக்குகளுக்கும் பழைய துண்டுகளுக்கும் நடுவில் பச்சை நிறம் வருவதும் போவதுமாக இருந்தது. கதவைத் திறக்கும் பொத்தான் எது, பாதியில் நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். நிறுத்தி என்ன பயன்? தண்ணீர் பட்டுவிட்டது.

அங்கிருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "கூண்டுத் துணி எதையும் நாங்க பிரிச்சுப் பார்க்கறதில்லைங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே மாமாவை டாக்டர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதுப் பெண் டாக்டர், கையுறையோடு கதவருகில் நின்றார். நானும் பின்னால் போனேன். மேசையில் மகாராணி மயக்கத்தில் மல்லாந்து கிடந்தது. வயிற்று முடியை மழித்திருந்தார்கள்.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். மழித்த தோலில், நடுவாக, ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. "ஏற்கெனவே ஆபரேஷன் ஆன நாய். ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். வெளி டாக்டர் யாரோ பண்ணியிருக்காங்க, நல்ல தையல். காது மட்டும் வெட்டல. வீட்டு நாய்னு சொல்லிக் கொண்டு போனா வெட்ட மாட்டாங்க. யாரு கொண்டு போனாங்கன்னு தெரியுமா?"

மாமா குனிந்து பார்த்தார். விரலை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"வீட்டு நாய்னு சொன்னாளா?" என்று கேட்டார். டாக்டர் ஊசி மருந்தை எடுத்தார்.

"வயித்தைத் திறக்க வேண்டியதில்ல. ஊசி போடறேன். காதை வெட்டிடவா?"

மாமா அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். "வெட்டிடுங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அந்த பாத்ரூம் பூட்டு" என்றேன்.

"ம்."

"ஒரு வாரம் உள்ள வெச்சிருந்திருக்கா மாமா. புண்ணு மருந்து வாசனை வீடெல்லாம் அடிச்சிருக்குமே. உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"என் மேலயே அந்த வாசனைதானே மாப்ளே" என்றார்.

நாயின் வாயைப் பார்த்து வயது சொல்கிற மனிதர், தன் வீட்டுக் குளியலறையில் ஒரு நாய் தையலோடு ஒரு வாரம் படுத்திருந்ததை மோப்பம் பிடிக்கவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அக்கா மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அந்த நைட்டியாவது இருந்திருக்கும்" என்றேன்.

"சொன்னா நான் காதை வெட்டணும்னு நிப்பேன். அதான் முறை. தூங்கிட்டிருக்கற பொண்ணோட காதை எதுக்கு வெட்டறீங்கன்னு கேப்பா. எனக்குப் பதில் தெரியாது." பிறகு, "ஆட்டோவுல கொண்டு போயிருப்பா. மடியில வெச்சுக்கிட்டு" என்றார். அவர் குரலில் அப்போதும் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

காதுப் புண் ஆறினதும் மகாராணியைக் கொண்டுவந்து அதே பின்பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். கூண்டைத் திறந்ததும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிடங்குக்குள் ஓடிவிட்டது. துவைக்கிற அம்மா நைட்டியை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு கை முதலிலேயே இல்லை, நாங்கள் கிழிக்கவில்லை என்று டிரைவரிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். மாமா அதைப் பிரித்து முகத்துக்குக் கொண்டுபோனார்.

"நல்லா துவைச்சிருக்காங்க" என்றார். பிறகு ஹேங்கரில் மாட்டி, மற்றத் துணிகளோடு அலமாரியில் வைத்தார். பிளாஸ்டிக் பையைக் கழுவி, என் மனைவியிடம் காய்கறி வைக்கக் கொடுத்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் வந்து காதைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார். சில நாளில் அவர் கடைப் படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் இருந்தது. குப்பைத் தொட்டிக்கும் அவரே ஒரு மூடி வாங்கிப் போட்டார். புதிதாகக் காது முழுசாக உள்ள நாய் எது தெருவுக்குள் வந்தாலும் இப்போது மையத்துக்கு முதல் போன் அவருடையதுதான். "எப்ப வர்றீங்க, எப்பத் திரும்பக் கொண்டாந்து விடுவீங்க" என்று இரண்டையும் கேட்டுக்கொள்கிறார். மகாராணிக்குச் சோறு வைப்பது என் மனைவி. தட்டை நகர்த்தி வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளிடம் வருகிறது. என்னைக்கூட முகர்ந்து பார்க்கிறது. நான் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மாமாவிடம் மட்டும் ஆகவில்லை. நம்பிப் படுத்த இடத்தில் கதவு விழுந்ததை அவள் மறக்கவில்லை. மற்ற நாய்களைப் போல் காருக்கு அடியில் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சாயங்காலம் அவர் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பினதும் வாசலுக்கு எதிரே வந்து நின்று, வெட்டின காது நடுங்க, தொண்டை கிழியக் குரைக்கிறாள். அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் இன்னும் பலமாகக் குரைக்கிறாள். தெரு முழுக்கக் கேட்கிறது.

முந்தாநாள் நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. இவளுக்காக அந்த மனிதர் எதைக் கொடுத்தார் என்று இவளுக்கு என்ன தெரியும்? கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தேன். அடிக்க அல்ல, விரட்டத்தான்.

மாமா ஸ்கூட்டரை நிறுத்தி என் கையைப் பிடித்தார். அக்கா போன பிறகு முதல் தடவையாக அவர் கண் நனைந்திருந்ததைப் பார்த்தேன்.

"விடு மாப்ளே" என்றார். "வீட்டுக்கு வந்தா யாராவது ஒரு சத்தம் போடணும்ல."

அவள் குரைத்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.